பொருத்திய ரேம் முழுவதும் ஏன் கைக்கு வருவதில்லை?

கணினியின் அமைப்பு விவரப் பக்கத்தைத் திறந்தால், நினைவகம் என்ற வரிக்கு எதிரே பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ‘16.0 ஜிபி, அதில் 15.4 ஜிபி பயன்படுத்தத்தக்கது’ என்று ஒரு கணினி சொல்லும். ‘4.00 ஜிபி, அதில் 3.25 ஜிபி பயன்படுத்தத்தக்கது’ என்று பழைய கணினி ஒன்று சொல்லும். விலை கொடுத்து வாங்கியது முதல் எண். கைக்கு வருவது இரண்டாவது எண். இடையில் உள்ளது எங்கே போயிற்று என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மேலே சொன்ன இரண்டு கணினிகளிலும் குறைவுக்கான காரணம் முற்றிலும் வேறு. முதல் கணினியில் அந்த நினைவகம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவதில் அதன் பெரும்பகுதி எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கிறது.

இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பொருத்தப்பட்ட அளவு என்பது, மதர்போர்டில் உள்ள பயாஸ் மென்பொருள் ஒவ்வொரு ரேம் பலகையையும் விசாரித்து எழுதிவைக்கும் ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. பயன்படுத்தத்தக்க அளவு என்பது, இயங்குதளம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட நினைவகத்தைத் தானே எண்ணிச் சொல்லும் கணக்கு. விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) வரும்வரை இரண்டாவது எண் மட்டுமே திரையில் காட்டப்பட்டது. 4 ஜிபி வாங்கிப் பொருத்தியவர் 3.25 ஜிபி என்பதை மட்டும் பார்த்து, ரேம் பழுது என்று முடிவுகட்டிய காலம் அது. பிறகுதான் பொருத்தப்பட்ட அளவும் காட்டப்பட்டது, விண்டோஸ் 7 முதல் இரண்டும் அருகருகே வந்தன.

இங்கே இரண்டு குழப்பங்களை விலக்கிவிட வேண்டும். ஹார்டு டிஸ்க் வாங்கும்போது 1 டிபி என்று எழுதியிருப்பது கணினியில் 931 ஜிபி என்று தெரிவதற்குக் காரணம், தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் எண்ணுவதுதான். ரேம் விஷயத்தில் அந்தக் காரணம் செல்லாது. ரேம் விற்கப்படுவதே 1,024-இன் மடங்கில்தான். இன்னொன்று, திறந்திருக்கும் நிரல்கள் எடுத்துக்கொண்ட நினைவகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உலாவியை மூடினால் காலியாக உள்ள நினைவகம் கூடும். பயன்படுத்தத்தக்க நினைவகம் கூடாது. இந்தக் குறைவு இயங்குதளம் எழுந்து வருவதற்கு முன்பே, அல்லது அது எழுந்து வரும் அந்த ஓரிரு நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

முகவரி என்ற ஒன்று

செயலி நினைவகத்தை எப்படி அணுகுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ரேமில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதைத்தான் முகவரி என்கிறோம். ஒரு பைட்டைப் படிக்க வேண்டுமானால் செயலி அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். எண் இல்லாத பைட்டை அதனால் கேட்க முடியாது. இதுவரை எளிது. இதில் ஒரு திருப்பம் உண்டு: செயலி அதே எண் வரிசையைக் கொண்டுதான் ரேம் அல்லாத பல உறுப்புகளோடும் பேசுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, யுஎஸ்பி கட்டுப்படுத்தி, பயாஸ் எழுதப்பட்ட சிப் ஆகிய அனைத்துக்கும் அந்த வரிசையிலேயே சில எண்கள் ஒதுக்கப்படுகின்றன. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குச் செயலி தரவை எழுதினால் அது ரேமுக்குப் போகாமல் நேராக அந்தச் சாதனத்துக்குப் போய்ச் சேரும்.

அலுவலக இன்டர்காம் எண்களை நினைத்துக்கொண்டால் இது தெளிவாகும். இரண்டு இலக்க எண்கள் மொத்தம் 100. ஆனால் 0-வில் தொடங்குபவை வெளி இணைப்புக்கும், 9-இல் தொடங்குபவை வரவேற்பறை, காவல் போன்ற பொதுச் சேவைகளுக்கும் என்று வைத்துவிட்டால் மேசைகளுக்குக் கொடுக்க 80 எண்களே மிஞ்சும். 100 மேசைகளிலும் தொலைபேசிக் கருவி வைத்திருந்தாலும் 20 கருவிகளை யாராலும் அழைக்க முடியாது. கருவியில் பழுதில்லை, கம்பியிலும் பழுதில்லை. எண் இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் நேற்று வந்ததன்று. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த 8088 செயலிக்கு 20 பிட், அதாவது 20 இரும இலக்க, முகவரி. ஆகவே 1 எம்பி வரைதான் எண்கள். அதில் கீழே உள்ள 640 கேபி நிரல்களுக்கான ரேமுக்கு என்றும், மேலே உள்ள 384 கேபி திரைக்கான நினைவகத்துக்கும் பயாஸுக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும் என்றும் பிரித்துவைத்தார்கள். அன்றைய இயங்குதளமான டாஸின் பயனர்களைப் பல ஆண்டுகள் வாட்டியெடுத்த அந்த 640 கேபி எல்லை, இன்று நாம் பார்க்கும் இதே விஷயத்தின் முதல் வடிவம்.

சாதனங்களுக்கான எண்களை ஏன் மேல் நுனியில் வைத்தார்கள் என்பது சுவையான கேள்வி. 8088 செயலிக்கு மின்சாரம் வந்ததும் அது தேடிப் போகும் முதல் கட்டளை, 1 எம்பி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கும். அந்த நேரத்தில் ரேமில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே அந்த முகவரியில் பயாஸ் சிப் இருந்தே ஆக வேண்டும். பின்னர் 1985-இல் வந்த 80386 செயலியில் முகவரி 32 பிட்டாக வளர்ந்தபோதும் இதே ஏற்பாடு தொடர்ந்தது, 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே என்ற மாற்றத்தோடு. அதற்குச் சற்றுக் கீழே, 4 ஜிபிக்கு 18 எம்பி குறைவான இடத்தில், செயலியின் இடையீட்டுக் கட்டுப்படுத்திக்கான (சாதனங்கள் செயலியின் கவனத்தைக் கேட்கும் அழைப்புகளைக் கையாளும் பகுதிக்கான) முகவரி வந்தது. பிசிஐ எனும் செருகுமிடங்களில் பொருத்தும் அட்டைகளுக்கான எண்கள் அதற்கும் கீழே அடுக்கப்பட்டன. 80386 வந்த காலத்தில் ஒரு கணினியில் சில எம்பி ரேம் இருந்தாலே பெரிது. 4 ஜிபியின் விளிம்பில் இடம் பிடிப்பது யாருக்கும் தொந்தரவு தராது என்று அன்று கருதியதில் வியப்பில்லை.

4 ஜிபி சுவர்

ரேம் வளர்ந்து அந்த விளிம்பைத் தொட்டபோதுதான் தொந்தரவு தொடங்கியது. 32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,29,49,67,296. ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்ற கணக்கில் அது சரியாக 4 ஜிபி. சாதனங்கள் அதில் அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை எடுத்துக்கொண்டால் ரேமுக்கு 3.5 அல்லது 3.25 அல்லது 3 ஜிபி அளவுக்கே எண்கள் மிஞ்சும். எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தந்தக் கணினியின் உறுப்புகளைப் பொறுத்தது. குறிப்பாகக் கிராஃபிக்ஸ் கார்டு, தன்மேல் உள்ள நினைவகத்தைச் செயலி எட்டிப் பார்ப்பதற்காக 256 எம்பி அளவுள்ள ஒரு முகவரிப் பரப்பைக் கேட்பது வழக்கம். அப்படிப்பட்ட அட்டைகள் இரண்டைப் பொருத்தினால் பயன்படுத்தத்தக்க ரேம் மேலும் இறங்கும். ரேமைத் தொடவே தொடாமல், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றியதாலேயே ரேம் அளவு மாறியதாகத் தோன்றும் விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது.

இங்கே மறைந்துபோன 0.75 ஜிபியைக் கிராஃபிக்ஸ் கார்டு ‘தின்றுவிட்டது’ என்று பலர் எழுதுவார்கள். அது சரியன்று. அட்டை எடுத்துக்கொண்டது எண்களை மட்டுமே, ரேமை அன்று. அந்த ரேம் சிப்புகள் மின்சாரம் வாங்கிக்கொண்டு, அழைப்பார் யாருமின்றி, பலகையில் அப்படியே இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அடுத்து வரும் தீர்வு எளிதில் விளங்கும்.

தீர்வு உண்மையில் முன்பே இருந்தது. 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலி, நிரல்களுக்கு 32 பிட் உலகத்தையே காட்டிக்கொண்டு, உள்ளே 36 பிட் முகவரியைக் கையாளும் ஒரு வசதியோடு வந்தது. 36 பிட் என்றால் 64 ஜிபி. 32 பிட் லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் சர்வர் 2003-இன் உயர் பதிப்புகளும் பயன்படுத்தின. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸ், 2004-இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில் பாதுகாப்புக் காரணத்துக்காக அந்த வசதியை இயக்கிய பிறகும், 4 ஜிபிக்கு மேலான முகவரிகளை வேண்டுமென்றே ஒதுக்கியது. பல சாதனங்களின் டிரைவர்கள், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள்கள், முகவரி என்றால் 32 பிட்தான் என்று நம்பி எழுதப்பட்டிருந்தன. அதைவிடப் பெரிய எண் வந்தால் அவை தடுமாறிக் கணினியையே முடக்கின. பழைய டிரைவர்களோடு வாழ வேண்டிய கோடிக்கணக்கான கணினிகளுக்கு, அரை ஜிபி ரேமை விட்டுக்கொடுப்பது நிலைகுலைவதைவிட மேல் என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. அந்த முடிவைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு அது அன்றைய நிலையில் விவேகமானதாகவே படுகிறது.

முழுமையான விடுதலை 64 பிட்டோடு வந்தது. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட அத்லான் 64 தொடங்கி, மேசைக் கணினிச் செயலிகள் 4 ஜிபியைத் தாண்டிய முகவரிகளை இயல்பாகவே கையாளத் தொடங்கின. இன்று சாதாரண மடிக்கணினிச் செயலிகூட 39 பிட் முகவரியை, அதாவது 512 ஜிபி வரை, அறியும். ஆனால் சாதனங்கள் 4 ஜிபிக்குக் கீழே பிடித்துவைத்த இடத்தைக் காலிசெய்யவில்லை. பழைய மென்பொருள்களும் பயாஸும் அவற்றை அங்கேயே எதிர்பார்க்கின்றன. ஆகவே செய்யப்பட்டது இதுதான்: அந்த இடத்துக்கு நேராக விழுந்து எண் இழந்த ரேமுக்கு, 4 ஜிபிக்கு மேலே புது எண்களைக் கொடுத்தார்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் முதல் 3.25 ஜிபி பழைய எண்களிலேயே இருக்கும், மீதி 0.75 ஜிபி 4-க்கும் 4.75-க்கும் இடைப்பட்ட எண்களில் குடியேறும். பயாஸ் அமைப்புகளில் ‘மெமரி ரீமேப்’ என்று காணப்படும் தெரிவு இதற்கானது. இந்தக் குடியேற்றம் கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

இதற்கு இயங்குதளம் 64 பிட்டாக இருப்பது மட்டும் போதாது. செயலி, அதை ரேமோடும் சாதனங்களோடும் இணைக்கும் சிப்செட், பயாஸ் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். இன்டெல் 945 வரிசைச் சிப்செட் உள்ள மடிக்கணினிகளில் 64 பிட் செயலியும் 64 பிட் விண்டோஸும் இருந்தும் 4 ஜிபியில் சுமார் 3.2 ஜிபியே தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சிப்செட்டுக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் திறன் இல்லாததே. அவற்றில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

இன்றைய கணினிகளில்

இன்று 16 ஜிபியில் 15.4 என்று பார்ப்பவருக்கு மேற்சொன்ன எதுவும் காரணமன்று. எண்களுக்குப் பஞ்சம் இல்லை. இங்கே உண்மையாகவே ரேம் எடுக்கப்படுகிறது. எடுப்பவர்களில் முதலிடம் கிராஃபிக்ஸுக்கு.

தனிக் கிராஃபிக்ஸ் கார்டு தன் நினைவகத்தைத் தன்மேலேயே சுமந்து வரும். செயலிக்குள்ளேயே அடங்கிய கிராஃபிக்ஸ் பகுதிக்கு அப்படி எதுவும் இல்லை. அது கணினியின் ரேமில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பயாஸ் கணினியைத் தொடக்கும்போதே அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இயங்குதளத்தின் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. இன்டெல் கணினிகளில் இந்தத் துண்டு பெரும்பாலும் சிறியது. சில பத்து எம்பியோ, நூறு எம்பியைச் சற்றுத் தாண்டியோ இருக்கும். ஏஎம்டி ரைசன் மடிக்கணினிகளில் 512 எம்பி மிகச் சாதாரணம். விளையாட்டுகளை மனத்தில் வைத்து 2 ஜிபி வரை ஒதுக்கி விற்பவர்களும் உண்டு. 16 ஜிபியில் 15.4 தெரிந்தால் அது 512 எம்பி ஒதுக்கீடு, 13.9 தெரிந்தால் 2 ஜிபி ஒதுக்கீடு என்று பெரும்பாலும் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

திரையில் படம் தெரிய உண்மையில் எவ்வளவு நினைவகம் வேண்டும்? 1,920-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் 82,94,400 பைட். 8 எம்பிக்கும் குறைவு. 4கே திரைக்கும் 32 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு படத்தைக் காட்டும்போதே அடுத்ததை வரைய வேண்டியிருப்பதால் இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொண்டாலும் 100 எம்பிக்கு அருகில் நின்றுவிடுகிறது. மீதி ஒதுக்கீடெல்லாம் விளையாட்டுகளும் முப்பரிமாண மென்பொருள்களும் உருவங்களின் மேற்பரப்புகளை வைத்துக்கொள்வதற்கானது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நிரந்தரமாக ஒதுக்கிய துண்டு போதாதபோது, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் பகுதி இயங்குதளத்திடம் கேட்டு மேலும் ரேம் வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த இரண்டாவது வகை, பயன்படுத்தத்தக்க அளவைக் குறைப்பதில்லை.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் பக்கத்தைத் திறந்தவர்கள் ‘பகிரப்பட்ட ஜிபியு நினைவகம் 7.7 ஜிபி’ என்பதைக் கண்டு, பாதி ரேம் போய்விட்டதே என்று பதறுவதுண்டு. அது தேவைப்பட்டால் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்ற உச்சவரம்பு மட்டுமே. விண்டோஸ் அதை மொத்த நினைவகத்தில் பாதி என்று வைக்கிறது. கேட்டு வாங்காதவரை அதில் ஒரு பைட்டும் குறையாது.

நிரந்தர ஒதுக்கீட்டைக் குறைக்கலாமா என்றால், பயாஸில் அதற்கான தெரிவு இருந்தால் குறைக்கலாம். மேசைக் கணினி மதர்போர்டுகளில் அது பெரும்பாலும் இருக்கும். மடிக்கணினிகளில் பல வேளை இருக்காது. 8 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் 2 ஜிபி ஒதுக்கப்பட்டிருந்து, விளையாட்டு எதுவும் ஓடாது என்றால், 512 எம்பியாகக் குறைப்பது உடனே உணரக்கூடிய நன்மை தரும். 16 ஜிபியில் 512 எம்பியை 256 ஆக்குவதற்காகப் பயாஸுக்குள் போவது, என் கணிப்பில், போகும் நேரத்துக்குக்கூடத் தகாது. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தி, திரையையும் அதிலேயே இணைத்திருப்பவர் உள்ளமைந்ததை முற்றிலும் அணைத்துவிடலாம்.

கிராஃபிக்ஸுக்கு அடுத்து வருபவை சிறிய பங்குகள். பயாஸ் தன் இயக்க நேரச் சேவைகளுக்காகச் சிறிது வைத்துக்கொள்கிறது. மின்சார மேலாண்மைக்கான அட்டவணைகள் சிறிது எடுக்கும். இயங்குதளத்துக்கே தெரியாமல் செயலி நுழையும் தனிக் காவல் நிலை ஒன்றுக்குச் சில எம்பி தேவை. இன்டெல் கணினிகளில் சிப்செட்டுக்குள் தனியே இயங்கும் மேலாண்மைப் பகுதிக்கும் கொஞ்சம் ரேம் போகும். எல்லாம் சேர்ந்து நூறு எம்பியை ஒட்டி நிற்கும். 8 ஜிபியில் 7.88 என்று தெரியும் கணினியில் நடப்பது இதுதான்.

இவை அனைத்தையும் பயாஸ் ஒரு வரைபடமாக எழுதி, இயங்குதளம் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கிறது. இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை நீ பயன்படுத்தலாம், இது ஒதுக்கப்பட்டது, இது பயாஸுக்கு என்று வரிவரியாக அதில் இருக்கும். லினக்ஸில் ‘டிமெசேஜ்’ கட்டளையை இட்டால் தொடக்கத்திலேயே அந்த வரைபடம் அச்சாகியிருப்பதைக் காணலாம். இந்தத் தலைப்பில் ஆர்வம் உள்ளவர் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். ரேம் ஒரே நீளத் துண்டாக இல்லாமல் இடையிடையே வெட்டுப்பட்டுக் கிடப்பதும், 4 ஜிபிக்குக் கீழே உள்ள பெரிய இடைவெளியும் அங்கே கண்முன் தெரியும்.

லினக்ஸ் அதோடு நிற்பதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவின் (கெர்னல்) நிரல் தங்கியிருக்கும் இடத்தையும், நினைவகத்தை நிர்வகிப்பதற்கான பதிவேட்டையும் மொத்தத்தில் சேர்க்காமல் கழித்துவிட்டே கணக்குச் சொல்கிறது. அந்தப் பதிவேடு சின்னதன்று. 64 பிட் லினக்ஸ் ரேமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, பக்கம் ஒவ்வொன்றுக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. 16 ஜிபியில் 41,94,304 பக்கங்கள். ஆகவே குறிப்புகளுக்கு மட்டுமே 256 எம்பி. கரு செயலிழந்தால் அதன் நிலையைப் பதிவுசெய்வதற்கென்று தனியே இடம் ஒதுக்கும் ஏற்பாடு இயக்கப்பட்டிருந்தால் அதுவும் கழியும். அதே கணினியில் விண்டோஸ் ஓர் எண்ணையும் லினக்ஸ் வேறோர் எண்ணையும் காட்டினால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை; எதைக் கழித்துவிட்டுச் சொல்வது என்பதில் இருவருக்கும் வழக்கம் வேறு.

கைபேசிகளிலும் கதை இதேதான், அளவு மட்டும் கூடுதல். மோடம், கேமரா, கிராஃபிக்ஸ், கைரேகை போன்றவற்றைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி எல்லாம் ஒரே சிப்பில் அமர்ந்து ஒரே ரேமைப் பங்கிட்டுக்கொள்வதால், ஆண்ட்ராய்டு தொடங்கும் முன்பே குறிப்பிடத்தக்க பகுதி போய்விடுகிறது.

உரிமத்தின் வரம்பு, பழுதின் அடையாளம்

சில வேளைகளில் வன்பொருள் எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக இருந்தும் இயங்குதளம் வாங்க மறுக்கும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. அதே விண்டோஸ் 7-இன் 64 பிட் ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி, புரொஃபஷனலுக்கு 192 ஜிபி என்று வரம்புகள் இருந்தன. இவற்றுக்குத் தொழில்நுட்பக் காரணம் தேட வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு விலையில் வேறுபாடு வைப்பதற்கான ஏற்பாடு இது. விண்டோஸ் 10 ஹோம் 128 ஜிபி வரையும் புரோ 2 டிபி வரையும் ஏற்பதால் இன்று வீட்டுக் கணினியில் யாரும் இந்தச் சுவரில் முட்டுவதில்லை. ஆனால் வீட்டுக் கணினிக்கான எந்தப் பதிப்பானாலும் 32 பிட் என்றால் அதிகபட்சம் 4 ஜிபிதான். 8 ஜிபி பொருத்திய கணினியில் 3 ஜிபியை ஒட்டி ஓர் எண் தெரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது நிறுவப்பட்டுள்ள விண்டோஸ் 32 பிட்டா என்பதைத்தான்.

பழுதைக் கண்டுகொள்வதற்குக் குறைவின் அளவே நல்ல அறிகுறி. மேலே சொன்ன ஒதுக்கீடுகள் சுமார் நூறு எம்பி முதல் 2 ஜிபி வரை இருக்கும். அவை ரேம் பலகையின் அளவோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. 8 ஜிபி பலகைகள் இரண்டு உள்ள கணினியில் 7.9 ஜிபி மட்டும் தெரிந்தால் ஒரு பலகை முழுவதும் காணாமல் போயிருக்கிறது என்று பொருள். அப்போது பயாஸ் திரையில் மொத்த அளவு என்ன என்று பார்க்க வேண்டும். அங்கேயும் 8 என்றிருந்தால் பலகை சரியாக அமரவில்லை, அல்லது அதன் தொடுமுனையில் அழுக்கு, அல்லது பலகையோ அது அமரும் இடமோ பழுது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகைகளை எடுத்து மீண்டும் அழுத்தி அமர்த்துவதும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்ப்பதும் பாதிச் சிக்கல்களைத் தீர்த்துவிடும். பலகையோடு சேர்ந்து பழுது இடம் மாறினால் குற்றம் பலகையில். மாறாமல் அதே இடத்தில் நின்றால் மதர்போர்டில். சர்வர்களில் மட்டும் இன்னொரு காரணத்தையும் கவனிக்க வேண்டும். அங்கே பழுதிலிருந்து காத்துக்கொள்ள ஒவ்வொரு தரவையும் இரண்டு பிரதிகளாக வைக்கும் கண்ணாடி முறை இயக்கப்பட்டிருந்தால், பாதி ரேம்தான் கைக்கு வரும். அது கேட்டுப் பெற்ற குறைவு.

பயாஸில் முழு அளவும் தெரிந்து, விண்டோஸில் மட்டும் பெரிய குறைவு இருந்தால் ரிசோர்ஸ் மானிட்டரின் நினைவகப் பக்கத்தைத் திறக்கலாம். அங்கே ஒரு கிடைமட்டப் பட்டையின் இடது நுனியில் ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற சாம்பல் பகுதி இருக்கும். பொருத்திய அளவுக்கும் பயன்படுத்தத்தக்க அளவுக்கும் உள்ள வேறுபாடு அதுவே. வன்பொருளின் பெயர் அதில் இருந்தாலும் எப்போதும் வன்பொருள்தான் காரணம் என்று கொள்ள முடியாது. விண்டோஸ் தானே தொடாமல் விட்ட ரேமும் அந்தக் கணக்கிலேயே விழும்.

அப்படி விடவைக்கும் ஒரு தெரிவு, எம்எஸ்கான்ஃபிக் கருவியில், பூட் தாவலின் கூடுதல் அமைப்புகளுக்குள், ‘மேக்சிமம் மெமரி’ என்ற பெயரில் இருக்கிறது. இதில் ரேமின் முழு அளவையும் எழுதினால் குறைவு நீங்கும் என்ற அறிவுரை இணையம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. நடப்பது நேர்மாறு. அந்தப் பெட்டியில் எழுதும் எண்ணை விண்டோஸ் ரேமின் அளவாக எடுத்துக்கொள்வதில்லை, முகவரியின் உச்சமாக எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரிக்கு மேலே உள்ள அனைத்தையும் புறக்கணிக்கிறது. 4 ஜிபிக்குக் கீழே எண் இழந்த ரேம் எல்லாவற்றுக்கும் மேலான முகவரிகளில் குடியேறியிருப்பதை முன்பு பார்த்தோம். 8 ஜிபி கணினியில் சாதனங்கள் 0.75 ஜிபி அளவுக்கு இடம் பிடித்திருந்தால் ரேமின் கடைசி முகவரி 8.75 ஜிபியை ஒட்டி இருக்கும். பெட்டியில் 8192 எம்பி என்று எழுதியதும் 8-க்கும் 8.75-க்கும் இடைப்பட்ட ரேம் வெட்டுப்படும். அதற்கு முன் 7.9 ஜிபி காட்டிய கணினி 7.2 ஜிபியை ஒட்டி இறங்கும். அந்தப் பெட்டி இயல்பில் குறியிடப்படாமல் இருக்க வேண்டும். குறி இருந்தால் எடுத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்தால் வெட்டுப்பட்ட பகுதி திரும்பி வரும்.